பம்பாய்த் துறையின் கடலோடிகள்

பாண்டுப் என்னும் ஊரைக் கடற்கரை ஊர் என்று இன்று எவரும் கருதுவதில்லை. பம்பாய்ப் புறநகர் ரயில் பாதையில் முலுண்டுக்குச் சற்று முன்பாக வரும் நிலையங்களுள் அது ஒன்று, அவ்வளவே. ரயிலடிக்கு மேற்கே ஆலைகளும், குன்றின் சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் வீடுகளும் கண்ணை நிறைக்கின்றன. ஆனால் கிழக்கே சிறிது தொலைவு நடந்து சென்றால் உப்பளங்கள் வருகின்றன; உப்பளங்களைத் தாண்டினால் அலையாத்திக் காடு; அதற்கும் அப்பால் தாணே உப்பங்கழி. கழியின் நீர் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. அந்த நீர் பம்பாய்த் துறைமுகத்தின் நீரே. கப்பல் கண்ணுக்குத் தெரியாவிடினும் கடல் இங்கே வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது.

இவ்வூருக்கு வரலாற்றில் ஒரு சிறு புகழ் உண்டு. பம்பாய் அரசாங்கத்தின் தலைமைப் பொறியாளராயிருந்த ஜார்ஜ் கிளார்க் 1843-ஆம் ஆண்டில் பாண்டுப்புக்கு வந்திருந்தபோதுதான், பம்பாயைத் தாணேயோடும் கல்யாணோடும் மலைக்கணவாய்களோடும் இணைக்கும் இருப்புப்பாதை ஒன்றைப் பற்றி முதன்முதலாக எண்ணினார் என்று கூறுவர். பத்தாண்டுகள் கழித்து, 1853 ஏப்ரல் 16-ஆம் நாள், போரிபந்தரிலிருந்து தாணேவரை இந்தியாவின் முதற் பயணி வண்டி ஓடியது. வண்டி வந்ததால் கழிவழிப் படகுப் போக்குவரத்து நாளடைவில் மெலிந்தது. படகு போயிற்று என்று வருந்துவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அந்த இருப்புப்பாதையின் மறுமுனை கப்பல் துறையிலேயே முடிந்தது. தக்காணத்துப் பருத்தி மூட்டைகள் எவ்வழியே துறைக்குச் சென்றனவோ அவ்வழியே மனிதரும் சென்றனர். பஞ்சாபிலிருந்தும் எல்லைப்புறத்திலிருந்தும் இளைஞர்கள் வண்டியேறி வந்து, கடலை முதன்முறையாகப் பம்பாயில் கண்டு, மறு திங்களே கப்பலின் அடித்தட்டில் நின்று கரி அள்ளினார்கள்.

அத்தகைய மனிதர்களைப் பற்றியே இங்குப் பேசக் கருதுகிறோம். பம்பாய் என்ற பழைய பெயரையே வழங்குகிறோம். மும்பை என்ற பெயர் 1995-ல் அரசு முறையில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. நாம் கூறப்போகும் செய்திகளிற் பெரும்பாலன அதற்கு முற்பட்டவை.

தமிழர்களாகிய நமக்குக் கடல் வரலாறு என்றவுடன் சோழர்களின் கப்பற்படை நினைவுக்கு வரும். அடுத்து, வ. உ. சிதம்பரம் பிள்ளை நினைவுக்கு வருவார். அவர் 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றிடமிருந்து கப்பல்களைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டினார். பின்னர்ச் சொந்தக் கப்பல்கள் வேண்டுமென்று பம்பாய்க்கே வந்து முயன்றார். 1907-ல் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடியை அடைந்தன. இவையெல்லாம் நாம் நன்கு அறிந்தவை, பெருமையோடு சொல்லிக்கொள்பவை. எனினும் சோழன் அனுப்பிய கலத்தில் துடுப்பு வலித்தவன் யார், காலியாவின் கொதிகலன் முன் நின்று வியர்த்தவன் யார் என்று நாம் கேட்பதில்லை. கப்பலைச் செலுத்தியவர் என்று அனுப்பியவரைச் சொல்வது உலக வழக்கம். அவ்வழக்கத்தினின்று சிறிது விலகிப் பார்ப்பதால் வ. உ. சி.யின் புகழுக்கு ஒரு குறையும் நேராது.

ஆங்கிலேயர் கப்பல்களில் பணிபுரிந்த ஆசிய மாலுமிகளுக்கு ‘லஸ்கர்’ என்று பெயர். பாரசீக மொழியில் ‘லஷ்கர்’ என்றால் படை. அச்சொல் போர்த்துகீசியர் வாயில் திரிந்து, கப்பற் கூலியாளைக் குறிக்கும் பெயராயிற்று. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டோர்க்கு இச்சொல்லின் பயணம் சுவையானது. தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறையில் அணையின் மதகைத் திறந்து மூடும் பணியாளுக்கும் ‘லஸ்கர்’ என்றே பெயர். கப்பல் ஊழியனைக் குறித்த ‘கலாசி’ என்ற மற்றொரு சொல் ரயில்வேயில் நுழைந்து பட்டறைத் தொழிலாளியின் பதவிப் பெயராக நிலைத்தது. அலுவலகத் தாள்களில் இவ்விரு சொற்களும் எதிர்ப்படுமிடமெல்லாம் பழைய உப்புக் காற்று சிறிது வீசுவதாக நமக்குத் தோன்றும்.

லஸ்கர்களுக்கென்று ஒரு மொழியே இருந்தது. சென்னைக் காலாட்படையைச் சேர்ந்த தாமஸ் ரோபக் என்னும் அதிகாரி 1811-ல் கல்கத்தாவில் அதற்கோர் அகராதி வெளியிட்டார். கப்பல் அதிகாரி ஒருவன் மாலுமிகளுக்கு எவ்வாறு கட்டளையிட வேண்டும் என்பதைக் கற்பிக்க எழுந்த நூல் அது. 1882-ல் ஜார்ஜ் ஸ்மால் அதனைத் திருத்தி ‘லஸ்கரி அகராதி’ என்ற பெயரில் மீண்டும் பதிப்பித்தார். ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு கட்டளை அகராதிக்குத் தேவை இருந்ததென்றால், அம்மொழி எத்துணை உயிரோடு வழங்கியிருக்க வேண்டும்! அதன் அடிப்படை இந்துஸ்தானி. ஆயினும் கயிற்றைத் தளர்த்தி இறக்கச் சொல்லும் ‘ஆரியா’ போர்த்துகீசியச் சொல். முன் பாய்மரமாகிய ‘திரிகட்’டும், மேற்பாயாகிய ‘காவி’யும் அம்மொழி தந்தவையே. சுக்கான் அரபு, நகுதா பாரசீகம். சாரங்குக்கு அடுத்த நிலையிலுள்ள ‘தண்டல்’ தென்னாட்டுச் சொல். பாரசீகனும் அரபியனும் போர்த்துகீசியனும் மலபாரியும் ஒரே கயிற்றை இழுத்த காலத்தின் பதிவேடு இம்மொழி. இதனைக் கலப்பட மொழி என்று இகழ்ந்தோர் உண்டு. புயற்காற்றில் ஒரே கணத்தில் அறுபது பேருக்கு விளங்க வேண்டிய மொழி தூய்மையைப் பற்றிக் கவலைப்பட இயலுமா?

கப்பலில் மூன்று பகுதிகள். மேல்தட்டு வேலைக்குச் சாரங்கு தலைவன். அவனுக்குக் கீழே தண்டல், சுக்கானி, கலாசிகள். இயந்திர அறைக்குத் தனிச் சாரங்கு உண்டு. அங்கே தீ வளர்ப்பவன் ‘ஆக்வாலா’, கரி கொண்டு வருபவன் ‘கோய்லாவாலா’, எண்ணெய் இடுபவன் ‘தேல்வாலா’. மூன்றாவது, பயணிகளுக்கு உணவு சமைத்துப் பரிமாறும் பகுதி. பம்பாயிலிருந்து புறப்பட்ட பி அண்ட் ஓ கம்பெனிக் கப்பல்களில் இப்பகுதிகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊராருக்கு உரியதாக இருந்தது. மேல்தட்டில் இரத்தினகிரிக் கரையின் முஸ்லிம்களும் குஜராத்தின் கார்வா மக்களும். இயந்திர அறையில் பஞ்சாபியரும் பட்டாணியரும். உணவுப் பகுதியில் கோவாக் கிறித்தவர்கள். கம்பெனியார் இதனைத் திட்டமிட்டே செய்தனர் என்று சொல்ல இடமுண்டு. ஒரு பகுதியார் வேலையை நிறுத்தினால் மற்றப் பகுதியார் உடன் சேரமாட்டார்கள் அல்லவா?

கோவாக்காரர்கள் பம்பாயில் ஏற்படுத்திக்கொண்ட ஊர்மனைகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தோபி தலாவிலும் மஜகாவிலும் ஒவ்வொரு கோவாச் சிற்றூருக்கும் ஒரு வீடு இருந்தது. ‘கூட்’ என்று அதற்குப் பெயர். நீண்ட கூடம்; சுவரோரமாகத் தகரப் பெட்டிகள்; கிழக்கே ஒரு சிறு பலிபீடம். கப்பலிலிருந்து இறங்கியவன் அடுத்த கப்பல் கிடைக்கும்வரை மிகச் சிறிய வாடகையில் அங்கே தங்கலாம். கடலில் இருக்கும் காலத்தில் அவன் பெட்டி மட்டும் அங்கே காத்திருக்கும். மாலையில் ஒன்றாக அமர்ந்து ஜெபமாலை ஓத வேண்டும் என்பது விதி. கட்டணத்தைச் செலுத்தாதவனைக் கூட்டின் பெரியோர்கள் கண்டிப்பார்கள். வேலையின்றித் தவிப்பவனைப் பட்டினி கிடக்க விடமாட்டார்கள். ஓர் அரசாங்கமும் ஒரு கம்பெனியும் செய்யாத காரியத்தைத் தலைக்குச் சில அணா வசூலித்து ஊரார் தாமே செய்துகொண்டார்கள். இந்தக் கூட்டுகளிற் சில இன்றும் நகரத்தில் நிலவுகின்றன.

மற்றவர்களுக்கு இந்த நிழல் வாய்க்கவில்லை. கப்பலில் வேலை வேண்டுவோன் முதலில் சாரங்கைக் கண்டு கையூட்டுத் தர வேண்டும். கையூட்டுக்குக் கடன் வாங்க வேண்டும். கப்பல் வரும்வரை விடுதியில் சோற்றுக்கும் கடன். ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வைத்த நாளில் கிடைக்கும் முன்பணம் இக்கடன்களுக்கே போய்விடும். சம்பளமோ, அதே வேலை செய்யும் வெள்ளைக்காரனுக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் ஐந்தில் ஒரு பங்குக்கும் இடைப்பட்டது. ஒப்பந்தமும் தனியானது. ‘ஆசிய ஒப்பந்தம்’ எனப்பட்ட அதன்படி லஸ்கரை ஐரோப்பியத் துறையில் விடுவிக்கக் கூடாது. இந்தியாவுக்கே திருப்பிக் கொண்டுவர வேண்டும். இதனைக் கருணை என்று சொன்னோர் உண்டு. காரணம் இல்லாமலில்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் லண்டனுக்குச் சென்ற லஸ்கர்கள் பலர் திரும்பும் கப்பல் கிடைக்காமல் தெருக்களில் குளிரால் மடிந்தனர். அவர்கள் துயரைக் கண்டே 1786-ல் ஓர் உதவிக் குழு அங்கே தோன்றிற்று. ஆனால் 1823-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கம், லஸ்கர் பிரிட்டனில் குடியேறாமல் தடுப்பதுதான். பிரிட்டிஷ் கொடியின் கீழ்ப் பணிபுரியலாம். பிரிட்டிஷ் கரையில் தங்கலாகாது. 1857-ல் லண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில் ஆசிய மாலுமிகளுக்கென ஒரு விடுதி திறக்கப்பட்டது. 1925-லோ, நிறமுடைய மாலுமிகள் போலீசில் பதிந்துகொள்ள வேண்டும் என்ற ஆணை பிறந்தது. பிரிட்டிஷ் குடிமகன் என்பதற்குச் சான்றுத் தாள் காட்ட இயலாத லஸ்கர்களும் அந்நியராகவே பதியப்பட்டனர்.

நீராவிக் கப்பலின் அடித்தட்டு எப்படிப்பட்ட இடம் என்பதை இன்றைய இளைஞர்கள் கற்பனை செய்வது கடினம். நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு. மீண்டும் நான்கு மணி நேரம் வேலை. உலையின் கதவைத் திறந்து, எரிந்து கட்டிப்பட்ட சாம்பலை நீண்ட இரும்புக் கோலால் உடைத்து இழுத்து, புதுக் கரியைச் சமமாகப் பரப்பி, நீராவி அழுத்தம் குறையாமல் காக்க வேண்டும். கரிக்கிடங்கிலிருந்து தள்ளுவண்டியில் கரி கொண்டு வருபவனுக்கு வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. செங்கடலில் பின்காற்று வீசினால் காற்றுக்குழாய்கள் பயனற்றுப் போகும். வெப்பத்தால் சித்தம் கலங்கிக் கடலில் குதித்தவர்கள் உண்டு. இந்தியர்களுக்கு வெப்பம் பழக்கமானது, ஆகவே உலை வேலை அவர்களுக்கே பொருந்தும் என்று கம்பெனிகள் வாதித்தன. எல்லைப்புறத்தின் பனிமலையடிவாரத்திலிருந்து வந்த பட்டாணியனுக்கும் இந்த வாதம் பொருந்துமென்று கருதியவர்களின் புவியியலறிவை மெச்சத்தான் வேண்டும்!

இவ்வளவுக்கும் பின்னரும் ஏன் சென்றார்கள்? கடன், நிலமின்மை, ஊரில் மழை பொய்த்தல் ஆகியவையெல்லாம் காரணங்களே. ஆனால் இவற்றோடு நிறுத்திக்கொள்ள நமக்கு மனமில்லை. ஊர் சுற்றும் ஆசை செல்வர்களுக்கு மட்டுமே உரியதென்று நினைப்பது ஏழையை இருமுறை ஏழையாக்குவதாகும். ஒரு பயணம் முடிந்து கடன் தீர்ந்த பின்னும் மீண்டும் கப்பலைத் தேடி வந்தவர்கள் எத்தனையோ பேர். நியூயார்க்கில் கப்பலை விட்டு இறங்கி நகரத்துள் மறைந்தவர்கள் ஹார்லெம் பகுதியில் மணம் புரிந்து உணவுக்கடை வைத்தார்கள். சில்ஹெட் மாவட்டத்தார் லண்டனின் கிழக்குப் பகுதியில் கால் ஊன்றினார்கள். இங்கிலாந்தின் இந்திய உணவு விடுதிகளிற் பல, கப்பற் சமையலறையை விட்டு இறங்கியவர்கள் தொடங்கியவையே.

பிழைப்பும் ஆசையும் சேர்ந்து இழுத்த பயணத்துக்குத் தமிழர் காட்டு ஒன்றைச் சொல்லலாம். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930-ல் கட்டப்பட்டது ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல். இரங்கூன் அரிசியும் சோழமண்டலக் கரைச் சரக்கும் ஏற்றிய கப்பல்களின் மரபில் வந்தது. சிறு படகில் உலகைச் சுற்றிய அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதனைச் செலுத்திக்கொண்டு செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் அட்லாண்டிக்கையும் கடந்து, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்து குளோஸ்டர் துறையை அடைந்தார்கள். நீராவிக் கப்பல்கள் கடலை ஆண்ட காலத்தில், கையால் பாயேற்றிச் சென்ற பயணம் அது.

இனிப் பம்பாயை நோக்கி வந்து சேராமற் போன ஒரு கப்பலின் கதை. பி அண்ட் ஓ கம்பெனியின் ‘ஈஜிப்ட்’ 1922 மே 19-ஆம் நாள் லண்டனிலிருந்து பம்பாய்க்குப் புறப்பட்டது. பயணிகள் 44 பேர்தாம். மாலுமிகளோ அவர்களைப்போல் பன்மடங்கு. அவருள் பெரும்பான்மையினர் இந்தியர். பாதுகாப்பறையில் பத்து லட்சம் பவுனுக்கு மேற்பட்ட மதிப்புடைய பொன்னும் வெள்ளியும் இருந்தன. மறுநாள் மாலை, பிரான்சின் உஷான் தீவுக்கு அருகே கடும் மூடுபனியில் ‘சேன்’ என்ற பிரெஞ்சுச் சரக்குக் கப்பல் அதன்மேல் மோதிற்று. இருபது நிமிடத்திற்குள் ஈஜிப்ட் மூழ்கியது. 80-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருள் மிகப் பெரும்பாலோர் கப்பற் பணியாளர்களே.

லஸ்கர்கள் அச்சத்தால் வெறிகொண்டு படகுகளைக் கைப்பற்றினார்கள் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதின. லஸ்கர்களைக் கப்பலில் வைத்துக்கொள்வதே தவறு என்ற கூச்சலும் எழுந்தது. பின்னர் நடந்த விசாரணையோ வேறு கதை கூறிற்று. மாலுமிகளுக்குப் படகுப் பயிற்சி முறையாக அளிக்கப்படவில்லை. ஆபத்து நேரத்தில் உயிர்காக்கும் ஏற்பாடுகளை அதிகாரிகள் சரிவரச் செய்யவில்லை. கப்பல் தலைவரின் சான்றிதழ் ஆறு திங்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. குற்றச்சாட்டு உலகெங்கும் பரவிய வேகத்தில் தீர்ப்புப் பரவவில்லை. அச்சம் எல்லோருக்கும் பொது. பயிற்சி பெற்றவன் அச்சத்தை அடக்குகிறான். பயிற்சி தராதவன் பிறர் அச்சத்தைப் பழிக்கிறான்.

பொன் கிடந்த ஆழம் 400 அடிக்கு மேல். அக்காலத்தில் எவரும் அத்தகைய ஆழத்தில் வேலை செய்ததில்லை. இத்தாலியரின் ‘ஆர்ட்டிலியோ’ கப்பல் 1930-ல் ஈஜிப்டைக் கண்டுபிடித்தது. அவ்வாண்டின் இறுதியில் வேறொரு மூழ்கிய கப்பலை வெடி வைத்துத் தகர்க்கும்போது, அதில் எஞ்சியிருந்த வெடிமருந்தால் ஆர்ட்டிலியோவே அழிந்து முக்குளிப்போர் பலர் இறந்தனர். எஞ்சியோர் மற்றொரு கப்பலைக் கொண்டுவந்தனர். 1932 ஜூனில் முதற் பொன்கட்டி மேலே வந்தது. இரும்புக் கூண்டுக்குள் அமர்ந்து ஆழத்தைக் கண்டு தொலைபேசியில் வழிகாட்டிய முக்குளிப்போனைப் பற்றி நூல்கள் எழுந்தன. அதே நீரில் மாண்ட லஸ்கர்களைப் பற்றி ஒரு நூல் எழவில்லை.

முதல் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் வணிகக் கப்பல் மாலுமிகளில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் லஸ்கர். அப்போரில் 3,400-க்கும் மேற்பட்ட லஸ்கர்கள் உயிரிழந்தனர். இரண்டாம் போர் தொடங்கிய 1939-ல் அவர்கள் ஒரு புதிய காரியம் செய்தார்கள். வெள்ளை மாலுமிகளுக்குப் போர்க்கால மிகைச் சம்பளம் தரும்போது எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டு, பிரிட்டன், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எனத் துறைதோறும் கப்பலேற மறுத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் சிறை புகுந்தனர். எனினும் சம்பளம் உயர்ந்தது. ஊர்வாரியாகப் பிரித்து வைத்த ஏற்பாடு அப்போது பயன்படவில்லை. அடுத்த ஆண்டே இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த தினகர் தேசாய், இந்தியக் கப்பல் தொழிலாளர் நிலை குறித்துப் பம்பாயில் ஒரு நூல் வெளியிட்டார். கன்னட நாட்டார் அவரைச் சிறு பாடல்களின் கவிஞராகவே அறிவர். மாலுமிகளுக்காக அவர் திரட்டிய கணக்குகளும் நினைக்கத்தக்கவை.

போர் நடுவே, 1942 நவம்பர் 20-ஆம் நாள், ‘திலாவா’ என்னும் கப்பல் பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கு உரியது. ஆம், வ. உ. சி.யை எதிர்த்து நின்ற அதே கம்பெனிதான். ஏறத்தாழ 950 பேர் அதில் இருந்தனர்; பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியக் குடும்பத்தினர். 23-ஆம் நாள் விடியுமுன் ஜப்பானிய நீர்மூழ்கியின் குண்டு தாக்கியது. மக்கள் படகுகளில் இறங்கினர். கப்பல் உடனே மூழ்காமையால் சிலர் மீண்டும் ஏறினர். அப்போது இரண்டாவது குண்டு வந்தது. 280 பேர் இறந்தனர். 678 பேர் காக்கப்பட்டனர். தென்னாப்பிரிக்க அரசு நாணயம் அடிப்பதற்காக வாங்கிய 2,364 வெள்ளிக் கட்டிகளும் மூழ்கின. அந்த வெள்ளியை 2017-ல் ஒரு தனியார் நிறுவனம் ஆழ்கடலிலிருந்து எடுத்தது. யாருக்கு உரியது என்ற வழக்கு லண்டன் உச்ச நீதிமன்றம்வரை சென்று, 2024-ல் தென்னாப்பிரிக்காவுக்குச் சார்பாகத் தீர்ப்பாயிற்று. இறந்தவர்களை நினைத்து மும்பையில் அவர்களின் குடும்பத்தார் கூடியது 2022-ல், எண்பது ஆண்டுகள் கழித்து.

இந்தியரே முதலாளிகளாகவும் அதிகாரிகளாகவும் வந்த கதை தனியே சொல்லத்தக்கது. 1919 ஏப்ரல் 5-ஆம் நாள் சிந்தியா கம்பெனியின் ‘லாயல்டி’ பம்பாயிலிருந்து லண்டனுக்குச் சென்றது. அந்நாளையே இன்று தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடுகிறோம். 1927-ல் ‘டஃபரின்’ பயிற்சிக் கப்பலில் இந்திய இளைஞர்கள் அதிகாரிகளாகப் பயிலத் தொடங்கினர். அதன் வழிவந்த ‘சாணக்கியா’ கல்விக்கூடம் தாணேக் கழியின் அக்கரையில், நெருளில், கட்டடமாக நிற்கிறது. பாண்டுப்பின் உப்பளக் கரையைத் தொட்டுச் செல்லும் நீர்தான் அதன் பக்கமாகவும் செல்கிறது.

லஸ்கர்களின் பெயர்களைக் காண விரும்புவோர் மஸ்ஜித் பந்தருக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள இந்திய மாலுமிகள் இல்லத்தில் முதற் போரில் இறந்து, கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாத 2,000-க்கும் மேற்பட்டோருக்கு நினைவகம் உண்டு. வங்காளத்தையும் அஸ்ஸாமையும் சேர்ந்த 896 பேருக்குக் கல்கத்தாவில், ஹூக்ளிக் கரையில், 1924-ல் ஒரு தூண் எழுப்பினார்கள். இரண்டாம் போரில் இறந்த இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் ஏறத்தாழ ஆறாயிரவர். அவர்களுடைய பெயர்கள் கல்லில் இல்லை, ஏட்டில் எழுதப்பட்டுள்ளன. ஏட்டின் ஒரு படி மஸ்ஜித் பந்தர் இல்லத்திலும், மற்றொன்று வங்காளதேசத்துச் சிட்டகாங் போர்க் கல்லறையிலும் வைக்கப்பட்டன.